எந்த வருடத்து டிராக்டர்? அயோவா பயணக் குறிப்புகள்

செவ்வாய், க்ரண்டி கவுண்டி

சிகாகோவிலிருந்து வாட்டர்லூ பக்கம் போக 20-ஆம் நெடுஞ்சாலைதான் எனக்குப் பிடித்த வழி. கலீனா நெருங்கும்போது மட்டும் நிலம் கொஞ்சம் ஏறி இறங்கும். டுபுக்கில் மிசிசிப்பியைத் தாண்டினால் அயோவா. அப்புறம் கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும்தான். ஆகஸ்ட் கடைசி என்பதால் சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. கிராமத்துக் குறுக்குச் சாலைகளில் பக்கவாட்டில் வண்டி வருவது தெரியவே தெரியாது. ஒவ்வொரு சந்திப்பிலும் நின்றுதான் போக வேண்டும்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் சொந்த ஊர் இங்கேதான். வருடா வருடம் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே விடுமுறையை ஒட்டிய வாரத்தில் விடுப்புப் போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவார். கேட்டால் "டிராக்டர் வேலை" என்பார். அறுவடைதான் இன்னும் ஆரம்பிக்கவில்லையே, அப்படி என்ன வேலை என்று எனக்குப் புரிந்ததில்லை. இந்த முறை என்னையும் கூடவே வரச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் காற்றைத் தடுக்க வளர்த்த மரவரிசை. அதற்கு முன்னால் நீளமான தகர ஷெட். கதவைத் தள்ளினால் கிரீஸும் தின்னரும் கலந்த வாசனை. சிவப்பு ஃபார்மால் ஹெச், ஆரஞ்சு நிற ஆலிஸ் சால்மர்ஸ், பச்சை ஆலிவர் 77, கடைசியில் ஜான் டியர் மாடல் பி. எல்லாம் 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் வந்தவை. இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் ஓடாத டிராக்டர் ஒன்றைப் பொறுப்பேற்க வேண்டும். பள்ளி முடிப்பதற்குள் அதை ஓட வைத்துவிட வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தரலாம், ஆனால் ஸ்பேனரைத் தொடக் கூடாது. ஃபார்மால் நண்பருடையது. ஆலிவர் அவருடைய அக்காவுடையது. அக்கா இப்போது டெமாயின் நகரில் பல் மருத்துவர். ஜான் டியர் பி, நண்பரின் 16 வயது மகளுடையது. இந்த வருடம்தான் முதல் தடவையாக வெளியே, மவுண்ட் பிளசன்ட் ஊரில் நடக்கும் ஓல்ட் த்ரெஷர்ஸ் என்ற பழைய இயந்திரத் திருவிழாவுக்குப் போகிறது.

பச்சை நிற ஜான் டியர் வண்டி செய்யும் வாட்டர்லூவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நண்பர் சிவப்பு ஃபார்மாலைத் தேர்ந்தெடுத்ததை வீட்டில் இன்னும் மன்னிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் கெட்சப் பாட்டிலைக் கேட்டால்கூட அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

நான் பார்த்ததும் நின்றது பி-யின் பின்சக்கரங்களின் முன்னால். நண்பரின் தாத்தா இதை வாங்கியது 1943-இல். போர்க்காலம் என்பதால் புது டிராக்டர் வாங்க கவுண்டி ரேஷன் போர்டின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் ரப்பர் டயர் கிடைக்காது. ரப்பரெல்லாம் ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் இரும்புச் சக்கரத்தோடு வந்தது. விளிம்பில் பல் பல்லாக இரும்புக் கட்டைகள் வைத்த சக்கரம். நம் ஊரில் சேற்றுழவுக்கு மாட்டும் கேஜ் வீலுக்குச் சித்தப்பா முறை என்று வைத்துக்கொள்ளலாம். போர் முடிந்து டயர் வந்ததும் தாத்தா புதுச் சக்கரத்துக்குச் செலவு செய்யவில்லை. ஊர்க் கொல்லரிடம் கொண்டுபோய் வெளி வளையத்தை அறுத்துவிட்டு, மிச்சமிருந்த ஆரங்களின் நுனியில் டயர் மாட்டும் வளையத்தை வெல்டு வைத்து வாங்கிவந்தார். அந்தக் காலத்தில் இந்தப் பகுதி முழுக்க அப்படித்தான் செய்தார்களாம். ஒவ்வொரு ஆரத்தின் முனையிலும் புடைத்து நிற்கும் வெல்டைக் கையால் தடவிப் பார்க்கலாம்.

அங்கேதான் சண்டை. நண்பரின் சித்தப்பா, "புதுப்பிக்கிறதுன்னா தொழிற்சாலையை விட்டு எப்படி வந்ததோ அப்படி. இரும்புச் சக்கரம்தான் போடணும்" என்கிறார். நண்பரின் அப்பா, "எங்கப்பா ஓட்டினது இந்தச் சக்கரத்துல. தொழிற்சாலைக்காரனா எனக்கு அப்பா?" என்கிறார். ஒருவருக்கு வண்டி வந்த 1943, இன்னொருவருக்குத் தாத்தா சக்கரத்தை மாற்றிய 1947. இது எவ்வளவு காலமாக நடக்கிறது என்று நண்பரிடம் கேட்டேன். "நான் காலேஜ் போறதுக்கு முன்னாடியிலிருந்து" என்றார்.

புதன், ஷெட்டும் வாட்டர்லூவும்

காலையில் பி-யை ஓட்டிக் காட்டினார்கள். அதற்கு முன் அது கிடந்த நிலையின் புகைப்படங்களைப் பார்த்தேன். மழை பல வருடமாகப் புகைபோக்கி வழியே உள்ளே இறங்கி, இன்ஜின் சீஸ் ஆகி, அசையாமல் இறுகிக் கிடந்திருக்கிறது. கியர் ஆயிலும் அசிட்டோனும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, தினமும் பள்ளிவிட்டு வந்ததும் இன்ஜினோடு சுழலும் கனமான ஃப்ளைவீல் சக்கரத்தை ஒரு அசைப்பு அசைத்துப் பார்ப்பாளாம் மகள். ஒரு மில்லிமீட்டர் அசைந்த அன்று வீட்டில் ஐஸ்கிரீம். சுத்தியலால் அடித்தால் சீக்கிரம் வேலை முடியும், பிஸ்டனும் முடிந்துவிடும்.

துரு எடுக்க அவள் வைத்திருக்கும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையில் கட்டித் தொங்கவிடுகிறாள். பாசிட்டிவ் முனையில் வேண்டாத இரும்புத் தகடு. மறுநாள் துரு கறுப்பாக உதிர்ந்துவிடும், நல்ல இரும்பு தேயாது. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு மட்டும் போடக் கூடாது, அதிலிருந்து குரோமியம் விஷம் வரும்" என்று எனக்குப் பாடம் எடுத்தாள். வேதியியல் பாடத்தில் மதிப்பெண் எப்படி என்று கேட்டேன். முறைத்தாள்.

இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படுக்கை வாட்டில் இரண்டே சிலிண்டர். நிமிடத்துக்கு 1,150 சுற்றுதான் வேகம். தண்ணீர் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறினது கீழே இறங்கும். கிளட்சுக்குக் கால் மிதி கிடையாது, கையால் தள்ளும் நீளக் கம்பிதான். டேங்க் மட்டும் இரண்டு. சின்னதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய் மாதிரி மலிவான எரிபொருள். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் திருகை மாற்றிவிட வேண்டும்.

சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் அழுத்தம் விடும் திருகுகளைத் திறந்துவிட்டு, இடப்பக்கம் வெளியே தெரியும் ஃப்ளைவீலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். புஸ் புஸ் என்று மூச்சு விட்டது, அவ்வளவுதான். மறுபடி இழுத்தாள். சித்தப்பா வாயைத் திறந்தார். நண்பரின் அப்பா அவர் தோளில் கை வைத்ததும் மூடிக்கொண்டார். அடுத்த இழுப்பில் பிடித்தது. ஓடி ஓடித் திருகுகளை மூடினாள். டப்-டப், ஒரு நிறுத்தம், மறுபடி டப்-டப். ஒரு சிலிண்டர் வெடித்து அரைச் சுற்றில் அடுத்தது வெடிக்கும். அப்புறம் ஒன்றரைச் சுற்று சும்மா போகும். அதனால்தான் இந்த நொண்டித் தாளம். இந்த ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே இது ஜான் டியர் என்று சொல்லிவிடுவார்கள்.

மதியம் மன்னார்குடிக்கு வாட்ஸாப்பில் அந்த வீடியோவை அனுப்பினேன். உடனே என் அப்பா கூப்பிட்டார்.

"தம்பி, இது டீசலா, மண்ணெண்ணெயா?"

"மண்ணெண்ணெய்ப்பா. பெட்ரோல்ல கிளப்பி மாத்தணும்."

"நம்ம வயல்ல கிடந்த பம்புசெட்டும் அதானடா. சரியா சூடாகாம மாத்தினா கக்கிட்டு நிக்கும். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஷட்டரை மூடிவைத்துச் சூடேற்றுவது எப்படி என்று பதிலுக்கு அப்பாவுக்கு ஒரு வீடியோ எடுத்து அனுப்பினாள்.

எங்கள் பக்கம் பழைய டிராக்டர்களுக்கு இந்த மாதிரி மரியாதை ஏன் இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். சென்னை டாஃபே கம்பெனி 1960களிலிருந்து செய்து விற்ற மாஸி ஃபெர்குசன் வண்டிகளில் எத்தனையோ இன்னும் செங்கல் ஏற்றிக்கொண்டும் தண்ணீர் டேங்கர் இழுத்துக்கொண்டும் திரிகின்றன. ஓய்வே பெறாத வண்டியை யார் பெயிண்ட் அடித்துக் காட்சிக்கு வைப்பார்கள்?

சாயங்காலம் வாட்டர்லூ நகரத்தில் ஜான் டியர் டிராக்டர் மற்றும் இன்ஜின் அருங்காட்சியகம். 2014-இல் திறந்தது, நுழைவுக் கட்டணம் இல்லை. வாசலிலிருந்தே கதை ஜான் ஃப்ரோலிக்கில் தொடங்குகிறது. கதிரடிக்கும் வேலை எடுத்துச் செய்த இவர், 1892-இல் பெட்ரோல் இன்ஜின் வைத்து முன்னாலும் பின்னாலும் போகக்கூடிய டிராக்டரைச் செய்து, தெற்கு டகோட்டாவில் ஒரு பருவம் முழுக்க ஓட்டியிருக்கிறார். அதை நம்பி வாட்டர்லூவில் கம்பெனி தொடங்கினார்கள். விற்ற இரண்டு வண்டியும் திரும்பி வந்துவிட்டன! பிறகு சாதாரண இன்ஜின் செய்து பிழைத்து, 1914-இல் வாட்டர்லூ பாய் டிராக்டரைக் கொண்டுவந்தார்கள். கலப்பை செய்துகொண்டிருந்த டியர் கம்பெனி 1918-இல் அந்தத் தொழிற்சாலையை 23.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அங்கிருந்து 1960 வரை இரண்டு சிலிண்டர்தான்.

மாடல் பி-க்கு 1938-இல் அழகான மூக்கும் கிரில்லும் வைத்துக் கொடுத்தவர் ஹென்றி ட்ரைஃபஸ். அமெரிக்க வீடுகளில் இருந்த பெல் கம்பெனியின் கறுப்பு டெலிபோனை வடிவமைத்தவரும் அவரே. வயலில் ஓடும் வண்டிக்கு முகம் வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

பக்கத்துக் கூடத்தில் இன்றைய வண்டிகள். பி 20 குதிரைத்திறன் பக்கம். இவற்றில் பெரியவை 400-ஐத் தாண்டும். கேபினில் ஏசி, திரை, செயற்கைக்கோள் வழிகாட்டல். நண்பரின் அப்பா தன் நிலத்தில் ஓட்டுவதும் அப்படிப்பட்ட ஒன்றைத்தான், அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அவருடைய பேத்தி 2060-இல் இதில் ஒன்றை ஷெட்டில் கிடத்தி உயிர்ப்பிக்க முடியுமா? விவசாயி தன் டிராக்டரைத் தானே பழுது பார்க்கத் தேவையான மென்பொருளைக் கொடுக்க மறுப்பதாகச் சொல்லி, 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் டியர் மீதே வழக்குப் போட்டது. கம்பெனி அதை மறுக்கிறது. வழக்கு எப்படிப் போனாலும், பி-யை 16 வயதுப் பெண் ஒரு பெட்டி ஸ்பேனரோடு திறந்து மூட முடிவதற்குக் காரணம் அதைச் செய்தவர்கள் அப்படி நினைத்துச் செய்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டீலர் கடை தொலைவில் இருக்கும், மழை நாளைக்கு வரும், விவசாயி கையில்தான் இதற்கு வைத்தியம் என்று வரைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டின் வழக்கம் நிற்பது பாசத்தால் மட்டுமில்லை, அந்த வரைபடத்தாலும்தான்.

வியாழன், சார்ல்ஸ் சிட்டி

வடக்கே ஒரு மணி நேரம், 218-ஆம் சாலையில். ஹார்ட், பார் என்ற இரண்டு சார்ல்ஸ்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சந்தித்துத் தொடங்கிய டிராக்டர் கம்பெனியின் ஊர் இது. 1929-இல் அது ஆலிவரோடு சேர்ந்தது. ஷெட்டில் நிற்கும் ஆலிவர் 77 பிறந்ததும் இங்கேதான். தொழிற்சாலை 1993-இல் மூடப்பட்டது. ஊர் அருங்காட்சியகத்தில் பழைய ஹார்ட்-பார் வண்டிகள் இருக்கின்றன. குளிரில் உறையாமல் இருக்க இன்ஜினைத் தண்ணீருக்குப் பதில் எண்ணெயால் குளிரவைத்த பெரிய உருவங்கள். நண்பரின் அக்கா மகன் அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளி. அவனுக்கு ஒரு வண்டி பார்க்கத்தான் வந்தோம். பார்த்த வண்டி சரியில்லை, இன்ஜின் பிளாக்கில் விரிசல்.

இந்தப் பயணத்தில் உருப்படியாகக் கிடைத்தது சித்தப்பா காரில் சொன்ன வழக்குதான். வடக்கே அடுத்த கவுண்டி மிட்சல். அங்கே மென்னனைட்டு என்னும் கிறிஸ்தவ சபையின் க்ரோஃப்டேல் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள் இருக்கிறார்கள். டிராக்டர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரும்புச் சக்கரத்தோடுதான் என்பது அவர்கள் சபையின் விதி. ரப்பர் டயர் போட்டால் கார் மாதிரி ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்களாம். கவுண்டிக்காரர்கள் புதிதாகப் போட்ட சாலை கெடுகிறது என்று 2009-இல் இரும்புச் சக்கரத்துக்குத் தடை போட்டார்கள். வழக்கு அயோவா உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012-இல் அந்தத் தடை மத சுதந்திரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறி ஊரில் திட்டு வாங்கியவர்களுக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கும்.

"பாத்தியா, உச்ச நீதிமன்றமே இரும்புச் சக்கரம் பக்கம்" என்றார் சித்தப்பா.

"அப்ப நீ முதல்ல மென்னனைட்டா மாறு" என்றார் அவருடைய அண்ணன், நண்பரின் அப்பா.

வெள்ளி, மவுண்ட் பிளசன்ட் வழியில்

அதே 218-இல் இப்போது தெற்கே. ஃபார்மாலும் பி-யும் டிரெய்லரில். சங்கிலி கட்டுவதற்கே காலை போய்விட்டது. சீடர் ராபிட்ஸ் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றபோது முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து டிராக்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சக்கரத்து வெல்டைத் தொட்டு, "எங்க வீட்டுலயும் இப்படித்தான் செஞ்சாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி வேறு பக்கம் பார்த்தார்.

மதியச் சாப்பாடு இந்த ஊர்ப் பிரசித்தமான பன்றி இறைச்சி டெண்டர்லாயின். தட்டையாக அடித்துப் பொரித்த துண்டு, நடுவில் பெயருக்கு ஒரு பன். நான் இனிப்புச் சோளத்தோடு நிறுத்திக்கொண்டேன். வெண்ணெய் தடவிய அந்தச் சோளத்துக்காகவே அயோவா வரலாம்.

சனி, ஓல்ட் த்ரெஷர்ஸ்

1950-இல் நீராவி இன்ஜின் பிரியர்கள் தொடங்கிய கூட்டம், லேபர் டே-யோடு முடியும் ஐந்து நாள் திருவிழாவாக வளர்ந்திருக்கிறது. மெக்மில்லன் பூங்காவில் கால் வைக்க இடமில்லை. சுற்றிலும் கூடாரங்களும் கேம்பர் வண்டிகளும். நடுவே குறுகிய பாதையில் நீராவி ரயில் சுற்றி வருகிறது. பழைய டிராலி வண்டிகளும் ஓடுகின்றன. சர்ச்சுக்காரர்கள் போட்டிருக்கும் பெரிய சாப்பாட்டுக் கூடாரங்களில் சிக்கனும் பையும். பை என்றால் பழம் வைத்துச் சுட்ட மாவுப் பண்டம். ருபார்ப் பையை விட்டுவிடாதீர்கள்.

நீராவி டிராக்டர்கள் கிளம்பும்போது தரை அதிர்வது காலில் தெரிகிறது. வியப்பாக இருந்தாலும் நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். 2001-இல் ஒஹையோவின் மெடினா கவுண்டி சந்தையில் இப்படி ஒரு பழைய வண்டியின் பாய்லர் வெடித்து ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள். அதற்கப்புறம் பாய்லர் சோதனையில் கெடுபிடி கூடியிருக்கிறது. பழையதைக் காப்பாற்றுவதில் இந்தப் பக்கமும் உண்டு. இரண்டு சிலிண்டர் டிராக்டர் மோசமாகப் போனால் நின்றுவிடும், அவ்வளவுதான்.

வரிசையில் நிற்கும் டிராக்டர்களைப் பார்த்துக்கொண்டே போனால் இரண்டு கட்சி தெரிகிறது. ஒரு கட்சியின் வண்டிகள் கண்ணாடி மாதிரி மின்னுகின்றன, போல்ட் தலையில்கூடக் கீறல் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில்கூட அவை இவ்வளவு மின்னியிருக்க முடியாது. இன்னொரு கட்சி துருவையும் வெளிறிய பெயிண்டையும் அப்படியே விட்டு, இன்ஜினை மட்டும் சரிசெய்து கொண்டுவருகிறது. எனக்கு இரண்டாவது கட்சி பிடிக்கிறது. இருக்கையில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கம்பியை யார் வளைத்துக் கட்டினார்கள் என்பதெல்லாம் பெயிண்ட் அடித்தால் போய்விடும். பி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: முன்பக்கத் தகரத்துக்குப் புதுப் பச்சை, பின்சக்கரத்துக்கு வெறும் எண்ணெய் பூச்சு. முடிவு மகளுடையது. வழக்கப்படி வண்டி அவளுடையதுதானே.

அணிவகுப்பில் அவள் ஓட்டினாள். நண்பர் ஃபார்மாலில் பின்னால். ஒலிபெருக்கியில் வருடமும் மாடலும் சொன்னார்கள், "1943 மாடல் பி" என்று. கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் சக்கரத்தைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரின் அப்பா கை தட்டவில்லை, இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "இடது சிலிண்டர் பிளக் கொஞ்சம் மாத்தணும்" என்றார்.

உதிரி பாகச் சந்தையில் எல்லாம் கிடைக்கிறது. மேக்னெட்டோ, ஸ்டீயரிங், பெயர் தெரியாத இரும்பு. அங்கேதான் சித்தப்பா நின்றுவிட்டார். பி-க்குப் பொருந்தும் ஒரு ஜோடி இரும்புச் சக்கரம், பல்லெல்லாம் அப்படியே. விலை கேட்டார், நடந்து போனார், திரும்பி வந்தார். ஓடாத பி ஒன்று வாங்கும் விலையை நெருங்கியது அது. மூன்று லட்சத்துக்கு மேல் செய்த மாடல், வண்டி அரிதில்லை. போர்க்காலச் சக்கரம்தான் அரிது. ஏனென்றால் எல்லோரும் அறுத்துவிட்டார்கள்.

அண்ணன் வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். பர்ஸை எடுத்துப் பாதிப் பணத்தைக் கொடுத்தார்.

"போடறதுக்கு இல்ல" என்றார். "வேற எவனாவது வாங்கிட்டா நீ பத்து வருஷம் புலம்புவ."

"போடலாமா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும்" என்றாள் பேத்தி.

சக்கரங்களை ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. டிரெய்லரில் முன்பக்கம் வைப்பதா பின்பக்கம் வைப்பதா என்று அண்ணனும் தம்பியும் ஆரம்பித்தார்கள். எடை முன்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று நானும் ஒரு கருத்துச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நாளைக் காலை எனக்கு 34-ஆம் நெடுஞ்சாலை, பர்லிங்டன் வழியாகச் சிகாகோ.